லால்குடியில் கூலி என்ன?

1

"அக்கா, ஒங்க ஊர்ல பொம்பளைக்கு நாள் கூலி எவ்வளவுங்க?"

மாரியாயி இதைக் கேட்டபோது நான் அவளுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். இலங்கையில், அட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் அவள் கொழுந்து பறிக்கிறவள். சம்பளம் போட்ட மறுநாள் பஜாருக்கு வருவாள். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் துணி எடுத்துக்கொண்டு, அந்தக் கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் அறைக்கு வந்து என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள். இப்படிப் பல வருஷப் பழக்கம். அவள் மகள் பார்வதியும் என் மகள் செல்வியும் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு.

"எதுக்குக் கேக்கறே?" என்றேன்.

"பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடி ஆயிருச்சுங்க. இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி பத்தாதாம். எங்கப்பனே இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த ஆளு. அத எந்தத் தாள்ல காட்டுறது? எங்க வீட்டு ஆளு, 'கண்டிக்குப் போயி இந்தியா பாஸ்போட்டுக்கு எழுதிப் போடுவோம், போயிருவோம்'னு ஒத்தக் கால்ல நிக்குது."

"நீ என்ன சொல்றே?"

"போறதுன்னாப் போவோம். போயி என்னத்தத் தின்னு பொழைக்கிறதுன்னு தெரியணும்ல? கண்டி ஆபீசுல கேட்டா ரயில் எப்பன்னு சொல்றாங்க, கப்பல் எப்பன்னு சொல்றாங்க. கூலி எவ்வளவுன்னு கேட்டா சிரிக்கிறாங்க. நீங்க அங்கயிருந்து வந்தவங்கதானே, நீங்க சொல்லுங்க."

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தேன். நான் லால்குடியை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. நடவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு ஞாபகம். இப்போது அங்கே அணாவே இல்லை, நயா பைசா வந்துவிட்டது என்கிறார்கள். இந்த மலைநாட்டில் என்னை எல்லாரும் இந்தியாக்காரி என்றுதான் நினைக்கிறார்கள். அந்த இந்தியாக்காரிக்குத் தன் ஊரில் ஒரு படி அரிசி என்ன விலை என்று தெரியவில்லை.

"ஆவணியில அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போறேன். விசாரிச்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"மறந்துராதீங்கக்கா. நீங்க வந்து சொல்ற வரைக்கும் எங்க வீட்டு ஆள எதுலயும் கைநாட்டு வைக்க விடமாட்டேன்."

2

நாங்கள் வந்தபோது எங்களுக்காக யாரும் விசாரித்துச் சொல்லவில்லை. நாங்களே கணக்குப் போட்டோம்.

இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. என் வீட்டுக்காரர் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு துணிக்கடையில் இருந்தார். சம்பளம் முப்பத்தைந்து ரூபாய். அட்டனில் கடை வைத்திருந்த முதலாளி ஊருக்கு வந்திருந்தபோது இவரைப் பார்த்துப் பிடித்துப்போய், எண்பது ரூபாயும் மத்தியானச் சாப்பாடும் தருகிறேன், வருகிறாயா என்றார். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கணக்கை ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாட்டு ரூபாயும் சரிக்குச் சரி. சாப்பாட்டுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, மீதி நாற்பது. வருஷத்துக்கு ஐந்நூறு என்று வைத்துக்கொள். அஞ்சு வருஷத்தில் லால்குடியில் ஓட்டு வீடு. பிறகு திரும்பிவிடலாம்.

எனக்கு அந்தக் கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓட்டு வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு வந்தது.

குளிருக்கு ஒரு விலை உண்டு என்று திருச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? வந்த முதல் மாதம் இரண்டு கம்பளி வாங்கினோம். சம்பளத்தில் பாதி போயிற்று. இங்கே மழை பிடித்தால் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அதனால் ஆளுக்கு இரட்டை மடங்கு துணி வேண்டும். குளிக்க வெந்நீர் வேண்டும், வெந்நீருக்கு விறகு வேண்டும். ஊரில் நான் கருவேல முள்ளைப் பொறுக்கிவந்து சோறாக்கியவள். இங்கே விறகைக் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்கினேன். அடுத்த வருஷம் செல்வி பிறந்தாள். அவளுக்கு மார்ச்சளி. ஒவ்வொரு மழைக்கும் டிஸ்பென்சரிக்கு ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் நான் ஒரு பழைய தையல் மெஷினைத் தவணையில் வாங்கித் தைக்க ஆரம்பித்தேன்.

ஊருக்குப் போய்வரும் செலவையும் நாங்கள் எழுதவில்லை. ரயிலும் கப்பலும்கூடப் பெரிதல்ல. சிலோனிலிருந்து வருகிறவர்கள் கை வீசிக்கொண்டு போக முடியாது. வாசனை சோப்பு, கிராம்பு, பட்டை, நைலக்ஸ் சேலை, டார்ச் லைட். அண்ணிக்கு ஒன்று கொடுத்தால் அண்ணியின் தங்கைக்கு ஒன்று. ஒரு தடவை போய்வந்தால் இரண்டு வருஷ மிச்சம் கரைந்துவிடும். போகாமல் இருந்தால், சம்பாதித்ததும் நம்மை மறந்துவிட்டாள் என்பார்கள்.

எழுதாமல் விட்ட இன்னொன்று என் அப்பா. தந்தி வந்த அன்று எங்கள் விசா முடியும் தறுவாயில் இருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்று முதலாளி சொன்னார். நான் போகவில்லை. அப்பாவின் காரியம் நடந்த நாளில் நான் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் யாரோ ஒரு கண்டாக்கையாவின் மனைவிக்கு ஆறு ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

3

விசா என்றதும் எழுதவேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டணம் ஏறியிருக்கும். முன்பு படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, முதலாளியின் குமாஸ்தா நிரப்பித் தருவார். இப்போது எல்லாம் சிங்களம்.

கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்கு அனுமதி வாங்க மூன்று பேரும் கொழும்புக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சிங்களம். மீட்டர் விலை சொல்வார், சாயம் போகாது என்று சத்தியம் செய்வார். அதற்கு மேல் வராது. அதனால் செல்விதான் எங்களுக்காகப் பேசினாள். பதினாலு வயதுப் பெண் மேசைக்கு முன்னால் நின்று, அந்த அதிகாரி கேட்டதை எங்களுக்குத் தமிழில் சொல்லி, நாங்கள் சொன்னதை அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. எங்கள் பிழைப்பு அவள் வாயில் நிற்கிறதே என்று பயமாகவும் இருந்தது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். காகிதங்களை மடித்துக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் அவளைக் கேட்டார்: "கம கொஹெத?" உன் ஊர் எது என்று. அவள் யோசிக்கவே இல்லை. "ஹட்டன்" என்றாள்.

அவர் தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் அவளுக்கும் இந்தியா என்றுதான் போட்டிருந்தது. பிறகு எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும், "லால்குடின்னு சொல்லக் கூடாதா?" என்று அவர் மகளைக் கடிந்துகொண்டார்.

"நான் அந்த ஊரப் பாத்தது ஒரே ஒரு தடவைப்பா. அப்ப எனக்கு நாலு வயசு. ஒரு எருமை என்னை முட்ட வந்தது, அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

"கல்யாணத்துக்கு வா, எல்லாத்தையும் காட்டறேன்" என்றேன் நான்.

"எனக்குப் பரீட்சை வருதும்மா. உங்க ஊருக்கு நீங்க போய்ட்டு வாங்க."

உங்க ஊர் என்றாள். அவள் அதை மனம் நோகச் சொல்லவில்லை.

4

கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் போனேன். தனுஷ்கோடியில் கப்பலிலிருந்து இறங்கி ரயில் ஏறும்வரை நான் கல்யாணத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். லால்குடி வந்ததும் மாரியாயிதான் நினைவுக்கு வந்தாள்.

கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, அண்ணியிடம் மெதுவாகக் கேட்டேன். "நடவுக்கு இப்ப என்ன கூலி அண்ணி?"

"ஏன், சிலோன்ல சம்பாதிச்சது பத்தாம நடவுக்கு எறங்கப் போறியா?" என்று அண்ணி சிரித்தாள். கூலி விஷயம் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அண்ணன் ஒன்று சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொன்னார். கொடுக்கிறவர்கள் சொல்லும் கூலி எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. வாங்குகிறவர்களைக் கேட்டுவிடுவோம் என்று வாய்க்கால் கரையோடு நடந்தேன்.

ஏழெட்டுப் பெண்கள் சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நைலக்ஸ் சேலையும் செருப்புமாக வரப்பில் நின்றுகொண்டு கூலி கேட்க எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். என் வயதுக்காரி ஒருத்தி நிமிராமலே பதில் சொன்னாள்.

"முக்கா ரூவா."

"தெனமுமா?"

"நடவு இருந்தா."

"நடவு இல்லாத நாள்ல?"

"இல்லாத நாள்ல இல்ல."

அதற்கு மேல் கூலியைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வாடகை உண்டா என்றேன். குடிசைக்கு மாசம் மூன்று ரூபாய், கூரை வேய்வது அவரவர் பொறுப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்? கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்வர அரை நாள், அந்த அரை நாள் கூலி கிடையாது.

"நீங்க எந்த ஊருங்க?" என்று அவள் கேட்டாள்.

சிலோன் என்றதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அங்கே என்ன கூலி என்று கேட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் பெண்களுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் என்றேன். பேர் பதிந்தவர்களுக்கு அநேகமாக மாதம் முழுக்க வேலை, இருக்க லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதற்கு வாடகை இல்லை, மலிவு விலையில் ரேஷன் அரிசி. சொல்லச் சொல்ல அந்தப் பெண்களின் முகம் மாறிற்று.

"அம்மா, எங்களையும் கூட்டிட்டுப் போங்களேன். நாளைக்கே வர்றோம்."

"இப்ப யாரையும் உள்ள விடமாட்டாங்க. அங்க இருக்கறவங்களே இங்க வரணும்னு பாக்கறாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கூட்டிப்போக மனமில்லாமல் நான் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஒரே காம்பராவுக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள், விடிவதற்குள் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும், கொழுந்து நிறை எடுக்கும்போது எவ்வளவு கழிப்பார்கள், மழையில் அட்டை எங்கெல்லாம் ஏறும் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. கேட்டது கூலிதானே.

கடைவீதிக்குப் போய் அரிசி, மண்ணெண்ணெய், மிளகாய், விறகு எல்லாம் விலை கேட்டேன். எதுவும் வாங்காமல் கேட்டுக்கொண்டே போனதில் மளிகைக்கடைக்காரருக்குச் சந்தேகம். அவர் ஒவ்வொரு விலையாகச் சொல்ல, நான் பழக்கதோஷத்தில் "ஹரி, ஹரி" என்றேன். சிங்களத்தில் 'சரி' என்று அர்த்தம். அட்டன் பஜாரில் எல்லார் வாயிலும் வருவது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "பெருமாள் கோயில் வகையறாங்களா?" என்றார். பைசாவைச் 'சதம்' என்றேன். ரொட்டி என்பதற்குப் பாண் இருக்கிறதா என்று கேட்டேன். கூட வந்த அண்ணன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரில் இருந்த நாள் முழுக்க அவர்களுக்கு நான் சிலோன் அத்தை, தெருவுக்குச் சிலோன்காரி. கடைவீதியில் என்னோடு படித்தவள் ஒருத்தியைப் பார்த்தேன். அவளும், "சிலோன்காரங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

கிளம்பும் அன்று அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போதும், வந்துருங்களேன். ரைஸ் மில்லுல கணக்கு எழுத ஆள் தேடறாங்க. நூறு ரூபாய் தருவாங்க. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

ரயிலில் அந்த நூறு ரூபாயை நான் எங்கள் அட்டன் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தேன். சம்பளம் இப்போது நூற்றைம்பது, என் தையல் கூலி தனி. அட்டன் பக்கச் செலவில் வாடகையும் கம்பளியும் விறகும் விசாவும் கப்பலும் சோப்பும் கிராம்பும். லால்குடிப் பக்கம் அந்தச் செலவு ஒன்றுமில்லை. எப்படிக் கூட்டினாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லால்குடியிலேயே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்போமோ, அங்கேதான் இப்போதும் நிற்கிறோம், ஓட்டு வீடு இல்லாமல். மண்டபம் வந்ததும் பெட்டி சோதனைக்குக் கூப்பிட்டார்கள். அத்தோடு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். அட்டன் வந்து என் வீட்டுக்காரரிடம் நூறு ரூபாயைப் பற்றிச் சொன்னேன். கணக்கைச் சொல்லவில்லை.

5

அடுத்த சம்பளத்துக்கு மாரியாயி தனியாக வரவில்லை. புருஷன் பெரியசாமியும் பார்வதியும் கூட வந்தார்கள். பெரியசாமி தோட்டத்து ஃபாக்டரியில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத ஆள். என் தையல் மெஷினுக்கு எதிரே சுவரோரமாக உட்கார்ந்தார்.

நான் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முக்கால் ரூபாய் என்றேன். அதுவும் வருஷத்தில் பாதி நாள்தான் என்றேன். அரிசி விலை சொன்னேன். குடிசை வாடகை சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் சம்பாதிச்சாக்கூட மாசக் கடைசியில கடன்தான் மிஞ்சும். இங்க எப்படியோ, அங்க பட்டினி நிச்சயம். என்னைக் கேட்டா, போக வேணாம்."

மாரியாயி மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள். பெரியசாமிதான் வெடித்தார்.

"ஒங்களுக்கென்னங்க, நீங்க கடக்காரங்க. நாங்கல்லாம் போயிட்டா இந்த பஜார்ல யார்கிட்ட யாவாரம் பண்ணுவீங்க? யாருக்கு ரவிக்கை தைப்பீங்க? வேணாம்னுதான் சொல்லுவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நைலக்ஸ் சேலையோடு வரப்பில் நின்றதை இவரிடம் எப்படிச் சொல்வது?

"சும்மா இரு" என்று மாரியாயி அவரை அதட்டினாள். "நாந்தான் கேட்டு வரச் சொன்னேன்."

"என்னத்தக் கேட்டு வரச் சொன்னே? நேத்து பஸ்ஸுல ஒரு சின்னப் பய, எம் மக வயசுதான் இருக்கும், என்னையக் கள்ளத்தோணி, திருட்டுத்தனமா வந்தவன்னு சொல்லி எந்திரிச்சு எடம் விடச் சொல்றான். எந்திரிச்சேன். அதுக்கு எவ்வளவு கூலி?"

பார்வதி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் செல்வியைவிடச் சிறிய உருவம். ஆனால் வகுப்பில் முதல் மார்க் அவளுடையதுதான். லயத்திலிருந்து பஸ் காசு இல்லாத நாளில் நடந்தே வந்து படிக்கிறவள். வாத்தியார் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று செல்வியிடம் அடிக்கடி சொல்வாள். பிரஜாவுரிமை இல்லாமல் அதற்கு மனுப் போட முடியாது என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார்.

மாரியாயி மகளைக் காட்டிக் கேட்டாள். "அக்கா, கூலியெல்லாம் சொல்லிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு. இது அங்க டீச்சரா ஆவலாமா?"

இதை நான் விசாரிக்கவில்லை. நெல், அரிசி, மண்ணெண்ணெய் என்று ஊரெல்லாம் அலைந்தவள், இதை யாரிடமும் கேட்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒரு டீச்சர் வந்திருந்தாள், குடை பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு. அவள் அப்பா மாட்டுவண்டி ஓட்டுகிறவர் என்று அண்ணி சொன்னாள். அதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆகலாம்" என்றேன்.

"நீ எந்த நாட்டுக்காரின்னு கேக்க மாட்டாங்கள்ல?"

லால்குடி கடைவீதியில் என் கூடப் படித்தவள் கேட்டது காதில் விழுந்தது. ஆனால் மாரியாயி கேட்பது அதுவல்ல.

"பாஸ்போட்டு இருக்கும்ல. ஆபீசுல கேக்க மாட்டாங்க."

மாரியாயி எழுந்து, சேலையைத் தட்டி உதறிக்கொண்டாள். "அப்பக் கூலி கம்மியா இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றாள்.

6

அவர்கள் கிளம்ப மாதங்கள் ஆயின. கண்டிக்கு எத்தனை தடவை போனார்களோ. போட்டோ சரியில்லை, பெயரில் ஓர் எழுத்து சரியில்லை, தோட்டத்து ஆபீசின் கையெழுத்து இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரும் அதன் கூலியும் போகும், பஸ் காசு போகும். வளர்த்த ஆட்டையும் கோழிகளையும் விற்றார்கள். லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரக்கறித் தோட்டத்தைப் பக்கத்துக் காம்பராக்காரருக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தியாவில் போய் இறங்க இடம் கிடையாது. பாட்டன் ஊர் துறையூர்ப் பக்கம் என்பார்கள், எந்தக் கிராமம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அண்ணனுக்கு எழுதி, லால்குடியில் ஒரு குடிசை பார்த்து வைக்கச் சொன்னேன்.

அட்டன் ஸ்டேஷனில் அன்று தூறல். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டு, ஒரு கூடை நிறையக் கிழங்கு. மாரியாயி பழைய கம்பளியைப் போர்த்தியிருந்தாள். "இது அங்க எதுக்கு? வெயில் கொளுத்தும்" என்றேன்.

"தூக்கிப் போட மனசு வல்லக்கா. அவுங்க கேட்டா, நான் எந்த ஊருன்னு சொல்லட்டும்?"

"யார் கேட்டா?"

"போற எடத்துல. யாராச்சும் கேப்பாங்கள்ல."

"நோட்டன் பிரிட்ஜுன்னு சொல்லு" என்றேன். "லால்குடின்னு சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க."

அவள் தலையாட்டி, மனதில் குறித்துக்கொண்டாள்.

சற்றுத் தள்ளிச் செல்வியும் பார்வதியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், சிங்களத்தில். தாய்மார் இருவருக்கும் புரியக் கூடாது என்பதற்காக. எனக்குச் சில சொற்கள் மட்டும் புரிந்தன. எழுது என்றாள் ஒருத்தி. மறக்காதே என்றாள் மற்றவள். ரயில் நகர்ந்ததும் செல்வி கையை ஆட்டவில்லை. திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள். "நீங்கதான் அனுப்பிட்டீங்க."

"நான் போக வேணாம்னுதான்டி சொன்னேன்."

"கடைசியில ஆகலாம்னு சொன்னீங்களே. கூலி விசாரிச்சீங்க, அரிசி விசாரிச்சீங்க. நான் நாளையிலேருந்து யார் கூட ஸ்கூலுக்குப் போறதுன்னு யாராவது விசாரிச்சீங்களா?"

அவள் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார். இந்தப் பெண்ணுக்கும் ஒருநாள் அதே கதவு சாத்தப்படும். அவள் டீச்சராக வேண்டும் என்றாலும் நர்ஸாக வேண்டும் என்றாலும் அதே காகிதத்தைத்தான் கேட்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அன்று இரவு முழுக்க அவ்வளவு அழுதாள் என்று இப்போது நினைக்கிறேன்.

7

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் இன்னமும் யாராவது ஒருவர் கேட்டு எழுதுகிறார்கள்: அங்கே வரலாமா, எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு மிஞ்சும்? விசா கிடையாது என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். இலங்கை இல்லாவிட்டால் மலேயா, மலேயா இல்லாவிட்டால் வேறெங்கோ. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சம்பளத்தை எழுதும்போது அதற்குப் பக்கத்தில் உங்கள் மகள் பதினாலு வயதில் என்ன பாஷை பேசுவாள் என்பதையும் எழுதிப் பாருங்கள். அப்பா இறந்தால் போக முடியுமா என்று எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகும் நீங்கள் போவீர்கள். நாங்களும் போயிருப்போம். முப்பத்தைந்து ரூபாயில் மனிதன் எத்தனை நாள் இருக்க முடியும்?

நாங்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசா வாங்கியிருக்கிறோம். ரைஸ் மில் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம்.

கடையில் கணேசன் என்று ஒருவர் இருக்கிறார், லால்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். விடுமுறைக்குப் போய்விட்டுப் போன வாரம் திரும்பினார். மாரியாயியைப் பார்த்துவிட்டு வரும்படி நான் சொல்லி அனுப்பியிருந்தேன். தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். குடிசை நன்றாகத்தான் இருக்கிறதாம். பெரியசாமிக்கு மூட்டை தூக்கும் வேலை, கிடைக்கும் நாளில். நடவு இல்லாததால் மாரியாயி ரோடு போடுகிற இடத்தில் ஜல்லி உடைக்கிறாள். பார்வதியைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு இறக்கித்தான் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே படித்த சரித்திரமும் பூகோளமும் அங்கே உதவாதாம்.

"படிக்கிறாளா?" என்று உள்ளிருந்து செல்வி கேட்டாள்.

"படிக்குதும்மா. வகுப்புல அதுதான் இப்பவும் மொதலாம்."

அடுத்து நான் கேட்டேன். "மாரியாயி எனக்கு ஏதாவது சொல்லிவிட்டாளா?"

கணேசன் தலையைச் சொறிந்தார். "சொன்னாங்கக்கா. 'அக்கா சொன்ன கணக்குல ஒண்ணுகூடத் தப்பில்ல, எல்லாம் அப்படியேதான் இருக்கு'ன்னு சொல்லச் சொன்னாங்க."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். "சிரிச்சுக்கிட்டு சொன்னாளா?"

அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்.

"தெரியலக்கா. குனிஞ்சு கல்லு ஒடச்சுக்கிட்டே சொன்னாங்க. மொகத்த நான் பாக்கல."